பீலித் தண்ணீரும் என் கையெழுத்தும்

5 மார்ச் 2007, திங்கள்

வெயில். மூன்று வாரமாக ஒரு தூறல்கூட இல்லை. ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலியில் இப்போது சுண்டு விரல் பருமன்தான். ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு விட்டுப் போகிறது. அதனால், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை நான் பார்க்கும் பிள்ளைக் காம்பராவைத் திறக்கப் பத்து நிமிஷம் தாமதம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கை மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். அவர் குவார்ட்டசுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. பேசுவார்.

இன்று பிள்ளைகள் பதினேழு. சளி இரண்டு. வயிற்றோட்டம் இல்லை, புண்ணியம்.

நாத்தனார் மகள் வசந்தியின் குட்டிக்கு இன்றோடு மூன்று மாதம். என்னைப் பார்த்துச் சிரித்தது. "அது சும்மா சிரிக்குது அத்தை, ஆளு தெரியாது இன்னும்" என்கிறாள் வசந்தி. அவளுக்கு என்ன தெரியும். எனக்குத்தான் சிரித்தது.

சாயங்காலம் பீலிக்கு மேலே, ஊற்றுக்கண் பக்கம், சிவப்புப் பெயின்ட் அடித்த முளைகள். எண்ணினேன், பதினொன்று. கன்னிமார் கல்லுக்கு இரண்டடி தள்ளி ஒன்று. யார் அடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

வாங்க வேண்டியது: சவர்க்காரம், டோர்ச் பற்றரி, வீட்டில் இவருக்கு மூட்டுத் தைலம்.

7 மார்ச், புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் கீழே சிங்களக் கிராமத்து சோமா அக்கா ஏறி வந்தார். நம் ஓடைத் தண்ணீர் இறங்கிப் போய்த்தான் அவர் வயலுக்குப் பாய்கிறது. கையில் ஒரு போட்டோ பிரதி. மூச்சு வாங்கிக்கொண்டே, "ராணி, நீங்க எல்லாம் சரின்னு சொல்லியாச்சா? கம்பெனி ஆள் ஊருல காட்டிட்டுப் போறான்" என்றார்.

சிங்களக் கடிதம். எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஊற்றுக்குக் கீழே ஓடையை மறித்துக் கட்டி, தண்ணீரைப் பெரிய குழாயில் பள்ளத்துக்கு இறக்கி, மிசின் வைத்துக் கரண்ட் எடுக்கப் போகிறார்களாம். இந்தத் தண்ணீரை இங்கே யாரும் எடுத்துப் பாவிப்பதில்லை என்று இருக்கிறது. இந்த லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் சம்மதம் என்று இருக்கிறது. கீழே முப்பத்திரண்டு பேர். கையெழுத்தும் பெருவிரலும்.

முதல் கையெழுத்து என்னுடையது.

பார்த்த உடனேயே தெரிந்தது எந்த நாள் என்று. போன மாதம் முதல் வாரம். மாதத்தின் முதல் கிழமையில்தான் சத்துமாப் பேப்பர் வரும். தாய்மார், வயிற்றுப் பிள்ளைக்காரிகள், எல்லாரும் காம்பரா வாசலில் கையெழுத்து வைத்துவிட்டு மாப் பொதியை வாங்கிக்கொண்டு மலைக்கு ஓடுவார்கள். அன்று கணக்கப்பிள்ளை இரண்டு தாள் கொண்டுவந்தார். "வழக்கமான பேப்பருதான் ஆயா, பெரட்டுக்கு நேரமாச்சு, பேரு கூப்பிடணும், சீக்கிரம்." என் இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று, அடுப்பில் கஞ்சி. கையெழுத்து வைத்தேன். வாசலில் நின்றவர்களைப் பார்த்து நானே சொன்னேன்: "சத்துமாப் பேப்பரு, வச்சிட்டுப் போங்க."

சிங்களம் வாசிக்கத் தெரிந்தவள் இந்த லயத்தில் நான் ஒருத்தி. ஒரு வரி பார்த்திருக்கலாம்.

8 மார்ச், வியாழன்

சொல்லிவிட்டேன்.

இவர் வேண்டாம் என்றார். "கணக்கப்பிள்ளை ஏமாத்திட்டாருன்னு மட்டும் சொல்லு, போதும்." அது முழு உண்மை இல்லையே. அந்த மனுஷன் சொன்னதை ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். நான் சொன்னதால்தானே வைத்தார்கள்.

மலையிலிருந்து எல்லாரும் இறங்கி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துவிட்டுக் கைகால் கழுவும் நேரம். பீலிக்கரையில் இருபது பேர் இருக்கும். கடிதத்தை வாசித்து, தமிழில் சொல்லி, என் வாயால்தான் நடந்தது என்றும் சொன்னேன். ஒருத்தி, "அப்ப நாம எங்க போய் குளிக்கிறது?" என்றாள். அது ஒன்றுதான் கேட்டார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாத்தனார் காளியம்மா (இவரின் அக்கா, வசந்தியின் அம்மா) குடத்தைப் பாதியில் எடுத்தாள். என்னைப் பார்க்காமல் மேலே நடந்தாள். பதினாறு வருஷமாக எனக்குத் தலை வாரிவிட்ட மனுஷி. கல்யாணம் முடிந்து வந்த அன்று என்னை முதலில் கூட்டிப்போய்க் கால் கழுவ வைத்ததே அந்தப் பீலியில்தான். அவள் கைதான் என் கையைப் பிடித்திருந்தது.

11 மார்ச், ஞாயிறு

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டம். காளியம்மாதான் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறாள். எனக்குத் தகவல் இல்லை. போய்க் கடைசியில் உட்கார்ந்தேன்.

ஆண்கள், மாத்தளை அரசாங்கக் கந்தோருக்குப் போய் மனுக் கொடுப்பதாகச் சொன்னார்கள். காளியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க எங்க போறது? இரத்தோட்டை சந்தியிலயே பொலிஸ்காரன் பஸ்ஸ விட்டு இறக்கிருவான். எங்க போற, என்னத்துக்குப் போறன்னு கேப்பான். போன வருசம் எந்தம்பிய ரெண்டு நாளு பிடிச்சு வச்சிருந்தானே, மறந்துட்டீங்களா? அந்த வம்பு வேணாம். தண்ணி சுமக்கிறது நாங்க. நாங்க போறோம்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த இரண்டு நாளைப் பற்றி என்னிடம்கூட இன்னும் பேசியதில்லை.

போகிறவர்கள்: காளியம்மா, சோமா அக்கா. மூன்றாவது யார் என்று கேட்டார்கள். காளியம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "வாசிக்கத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும். எந்தம்பி பொண்டாட்டிய வரச் சொல்லுங்க."

நான் மூன்று முழம் தள்ளித்தான் இருந்தேன்.

13 மார்ச், செவ்வாய்

மாத்தளை. காலைப் பஸ். அவளும் சோமா அக்காவும் ஒரு சீட், நான் பின்னால் நின்றுகொண்டு. சோதனைச் சாவடியில் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். காளியம்மாவின் பையில் ரொட்டி, சம்பல், கன்னிமார் விபூதி. பெண் பொலிஸ் விபூதியை முகர்ந்து பார்த்துத் தும்மினாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். அவளுக்கும் வந்தது. பார்த்தேன்.

கந்தோரில் இரண்டரை மணி நேரம் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கண்ணாடி போட்ட அதிகாரி மாத்தயா ஒருவர் கூப்பிட்டார். கம்பெனி ஆள் ஒருவன் ஏற்கெனவே அவருக்கு எதிர்க் கதிரையில் உட்கார்ந்திருந்தான். அவன் சிங்களத்தில் சொன்னது: "இவங்க தோட்டத்து ஆளுங்க சேர். லயமும் தோட்டத்தோடது, நிலமும் தோட்டத்தோடது. இவங்ககிட்ட என்ன உறுதிப் பத்திரம் இருக்கு?"

தமிழில் சொன்னேன். காளியம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள்.

"உறுதி இல்லங்க. எங்கம்மா கொடி, என் கொடி, என் மக கொடி, மூணு மாசத்துக்கு முந்தி என் பேத்தி கொடி, எல்லாம் அந்த ஊத்துக்குப் பக்கத்துலதான் புதைச்சிருக்கு. அந்தத் தண்ணியிலதான் முத முழுக்காட்டுனோம். இவரு கம்பெனி எந்த வருசம் வந்துச்சுன்னு கேளு."

கொடி என்பதற்குச் சிங்களச் சொல் எனக்கு வரவில்லை. தொப்புளைத் தொட்டுக் காட்டினேன். மாத்தயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேரில் வந்து பார்க்கிறேன். தண்ணீரை ஆள்கள் பாவிக்கிறார்களா என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டேன். முழிக்கும்போது மடியில் அரை ரொட்டி, சவுக்கத்தில் சுற்றி. யார் வைத்தது என்று கேட்கவில்லை. தின்றேன்.

16 மார்ச், வெள்ளி

காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை சொன்னார்: மாத்தயா வருவது செவ்வாய், காலை பத்து மணி. அன்று எல்லாருக்கும் பன்னிரண்டாம் நம்பர் மலை. இருப்பதிலேயே தூரமான மலை அது. "இடையில மலைய விட்டு இறங்குனா பேரு கிடையாது, சம்பளமும் கிடையாது. சொல்லிட்டேன்."

புரிந்துவிட்டது எல்லாருக்கும். எங்கள் பீலிக்கு இரண்டு நேரம்தான் உயிர். விடியலில் ஒன்று, மலை இறங்கிய பிறகு ஒன்று. பத்து மணிக்கு அங்கே காக்காய்கூட இருக்காது. மாத்தயா வருவார், வெறும் கல்லில் தண்ணீர் சும்மா விழுவதைப் பார்ப்பார், எழுதிக்கொண்டு போவார்.

வசந்தி வாசலில் உட்கார்ந்து அழுதாள். நான் குட்டியை வைத்துக்கொண்டு நின்றேன். எல்லாம் என் வாயால்.

இவர் சாயங்காலம் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சீனி போட மறந்துவிட்டார். சொல்லாமல் குடித்தேன்.

18 மார்ச், ஞாயிறு

துணி துவைக்கும்போது ஒரு யோசனை. கையில் சவர்க்காரத்தோடு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

எங்கள் வீட்டுக் காம்பராவுக்கும் காளியம்மா வீட்டுக் காம்பராவுக்கும் ஒரே சுவர். சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். இவரிடம் சொன்னேன், கொஞ்சம் உரக்க:

"பத்து மணிக்குத் தாய்மாருக்குப் பால் குடுக்கிற நேரம் இருக்குல்ல? அது தோட்டத்துச் சட்டம். எந்தக் கணக்கப்பிள்ளையும் அதுக்குப் பேரு வெட்ட முடியாது. பிள்ளைக எங்க இருக்கோ அங்கதானே அம்மாமாரு வரணும்? நான் பிள்ளைகள பீலிக்கரைக்கு எடுத்துட்டுப் போறேன்."

இவர் வாயைப் பிளந்தார். "வேலை போயிரும்டி."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு காளியம்மாவின் குரல்: "தம்பி, ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லு. தொட்டில் கட்ட சேலை பத்தாது. எங்கிட்ட மூணு பழசு இருக்கு. கெட்டி சேலை."

"அக்கா மூணு சேலை தர்றாளாம்" என்றார் இவர், எனக்கு எதிரே நின்றுகொண்டு.

"கேட்டுச்சு" என்றேன்.

"வெயிலு ஏறுறதுக்குள்ள தூங்க வச்சிரணும்னு சொல்லு" என்றது சுவர்.

"கேட்டுச்சுன்னு சொல்லுங்க."

இவர் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சிரித்தேன். பத்து நாளில் முதல் தடவை.

20 மார்ச், செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், ஒன்றும் விட்டுப்போகாமல்.

ஆறு மணிக்குப் பிள்ளைகளை வாங்கிக்கொண்டேன். எட்டுக்குக் கிளம்பினோம். நடக்கிற பிள்ளைகள் ஒன்பது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக. கைப்பிள்ளைகள் எட்டு. வேலைக்குப் போகாத வயிற்றுப் பிள்ளைக்காரிகள் மூன்று பேர் தூக்கி வந்தார்கள். சோமா அக்காவும் தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு ஏறி வந்தார். பலா மரத்துக்கும் வேங்கை மரத்துக்கும் குறுக்கே கயிறு கட்டி எட்டுத் தொட்டில். காளியம்மாவின் சேலைகளில் வசம்பு வாசனை.

ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டினேன். தண்ணீர் சுண்டு விரல்தான். ஆனால் குளிர்ச்சி. குளித்ததும் கண் சொருகிவிட்டது எல்லாவற்றுக்கும்.

ஒன்பதே முக்காலுக்குத் தாய்மார் மேலேயிருந்து இறங்கி வந்தார்கள், தலையில் கூடையோடு. பால் கொடுத்தார்கள். காளியம்மாவும் வந்தாள், பறித்துக்கொண்டிருந்த நிரையைப் பாதியில் விட்டு. அவளுக்குப் பால் நேரம் கிடையாது. "பேரு போனா போகட்டும்" என்றாளாம் மலையிலே.

பத்தேகாலுக்கு மாத்தயா, கம்பெனி ஆள், கணக்கப்பிள்ளை. பாதை திரும்பியதும் கம்பெனி ஆள் நின்றுவிட்டான். பிறகு கத்தினான்: "இது என்ன நாடகம்?"

காளியம்மா விரலை உதட்டில் வைத்தாள். "சத்தம் போடாதீங்க. இப்பதான் தூங்குது."

சொன்னால் நம்பமாட்டார்கள். அதற்குப் பிறகு விசாரணை முழுக்க இரகசியக் குரலில் நடந்தது. மாத்தயாவே குரலைத் தாழ்த்திக்கொண்டார். கம்பெனி ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு காற்றாகப் பேசினான். கணக்கப்பிள்ளைக்குத் தும்மல் வந்து, தூரப் போய்த் தும்மிவிட்டு வந்தார்.

மாத்தயா குடங்களைப் பார்த்தார். படிக்கல் தேய்ந்திருந்ததைக் குனிந்து தடவிப் பார்த்தார். சோமா அக்காவிடம் வயலைப் பற்றிக் கேட்டார். பிறகு பேப்பரை எடுத்து, முப்பத்திரண்டு பேரையும் மெதுவாக வாசித்தார். அங்கே இருந்தவர்கள் பெரட்டில் சொல்வதுபோலவே, ஆனால் முணுமுணுப்பாக, "இருக்கேன்", "இருக்கேன்."

"என்ன எழுதியிருக்கிறது என்று யார் உங்களுக்குச் சொன்னது?"

எழுந்தேன். "நான்தான் மாத்தயா. சத்துமாப் பேப்பர் என்று நான்தான் சொன்னேன். வாசிக்காமல் சொன்னேன். இவர்கள் மேல் தப்பு இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்."

கம்பெனி ஆளுக்கு முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா சேர், இவள் சொன்னால் எதில் வேண்டுமானாலும் வைப்பார்கள். எப்படிப்பட்ட ஆள்கள்!"

மாத்தயா காளியம்மாவைப் பார்த்துக் கேட்டார், அது உண்மையா என்று. நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அவள் வசந்தியின் குட்டியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

"உண்மைதாங்க. அவ சொன்னா வைப்போம். காலையில ஆறு மணிக்கு எங்க பிள்ளைகளையே அவகிட்ட குடுத்துட்டுப் போறோம். சாயங்காலம் முழுசா திருப்பித் தர்றா. அவகிட்ட ஒரு கையெழுத்து குடுக்கறதா பெரிசு? அந்த நம்பிக்கைய இவங்க திருடிட்டாங்க. எழுதுறதா இருந்தா அத எழுதச் சொல்லு."

இதையும் நான்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது. முதல் வரியோடு நிறுத்திவிட்டேன். சோமா அக்கா என் முதுகைத் தடவினார். அவரே மீதியைச் சொன்னார்.

மாத்தயா எழுதினார். நிறைய எழுதினார். போகும்போது குனிந்து பீலியில் ஒரு கை ஏந்திக் குடித்தார்.

23 மார்ச், வெள்ளி

எதிர்பார்த்ததுதான். தோட்டத்து ஒப்பீஸில் இருந்து துண்டுக் கடிதம். அனுமதி இல்லாமல் பிள்ளைகளைக் காம்பராவை விட்டு வெளியே கொண்டுபோனதற்கு இரண்டு வாரம் என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு விசாரணை. வேறு டிவிஷனிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். பாவம், புதுசு. எந்தப் பிள்ளைக்கு எந்தப் போத்தல் என்று அவளுக்கு எழுதிக் கொடுத்தேன்.

வெறுங்கையோடு வீட்டில். வீடு இரண்டு தடவை பெருக்கினேன். எனக்கென்று ஒன்று பிறந்திருந்தால் என்று பகல் முழுக்க நினைத்தேன். ரொம்ப நாளாக அப்படி நினைப்பதில்லை.

இவர் மூட்டுத் தைலத்தை என் காலில் தேய்த்துவிட்டார். "எனக்குப் பெருமையா இருக்கு" என்றார். இவர் வாயில் அந்தச் சொல் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது.

27 மார்ச், செவ்வாய்

இரண்டு மழைத் துளி. பிறகு வெயில்.

இன்றும் ஆறு பேர் பிள்ளைகளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். "காம்பராவுல விடுங்கடி, எனக்கு வம்பு வரும்" என்றால், "அங்க அழுவுது" என்கிறார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் அந்தப் பெண்ணே மத்தியானம் வந்து, "அக்கா, இந்தப் பிள்ளை எப்படித் தூங்கும்?" என்று கேட்டாள். குப்புறப் போட்டுத் தட்டணும் என்றேன்.

காளியம்மா குட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். சாயங்காலம் வாசலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறாள். வாய் திறப்பதில்லை. மாத்தயாவிடம் அப்படிப் பேசியவள்தான். நம்பிக்கை என்பது வேறு, கோபம் என்பது வேறு போலிருக்கிறது அவளுக்கு. நியாயம்தான்.

முளைகள் அப்படியே நிற்கின்றன.

1 ஏப்ரல், ஞாயிறு

வெயில். புளி வாங்க மறந்துவிட்டேன்.

நாலு மணி இருக்கும். அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல். காளியம்மா. கையில் பழுப்புக் கவர், கந்தோர் முத்திரையோடு. மேலே அவள் பெயர். நேற்றே வந்துவிட்டதாம். இராத்திரி முழுக்கத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாளாம். கணக்கப்பிள்ளையிடம் வாசிக்கக் கொடுக்க மனசில்லை.

இவர் எழுந்து, "அக்கா, என்னா சொல்லணும் இவகிட்ட?" என்றார்.

"நீ போய் வெறகு எடு" என்றாள். இவர் போனார்.

உள்ளே வந்து, எனக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கவரை என் மடியில் வைத்தாள்.

"ராணி. வாசி."

இருபத்து நாலு நாளுக்குப் பிறகு அவள் வாயால் என் பெயர்.

சுளகைத் தள்ளிவிட்டு வாசித்தேன். வேலையை உடனே நிறுத்தச் சொல்லியிருக்கிறது. அந்தக் கையெழுத்துகள் செல்லாது. தண்ணீரைப் பெண்கள் பாவிப்பதை நேரில் கண்டேன் என்று மாத்தயா எழுதியிருக்கிறார். ஊற்றுக்குக் கீழே எங்கே கட்டுவதென்றாலும், லயத்துப் பெண்களையும் கிராமத்துப் பெண்களையும் வைத்து, அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டி, மறுபடி கேட்க வேண்டுமாம். முடிந்துவிட்டது என்று எழுதவில்லை. மறுபடி வருவார்கள்.

தமிழில் சொல்லி முடித்ததும், "இன்னொருக்கா" என்றாள். இன்னொரு தடவை வாசித்தேன். "செல்லாது" என்ற இடத்தைக் கையால் காட்டச் சொன்னாள். அந்தச் சிங்கள எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். கொழுந்துக் கறை போகாத விரல்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா கேக்கத் தெரியும். இனி எந்தப் பேப்பர் வந்தாலும் கையெழுத்துக்கு முன்னாடி எனக்கு வாசி. அடுப்புல கஞ்சி கருகுனாலும் சரி. எனக்கு விளங்குற வரைக்கும் வாசி."

"சரி மதினி."

"இன்னொருக்கா வாசி."

மூன்றாவது தடவை, பாதியில் எழுத்தெல்லாம் கலங்கிப் போய்விட்டது. மூக்கை உறிஞ்சினேன். அவள் தன் முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள், பிள்ளைக்குத் துடைப்பதுபோல, வலிக்கிற மாதிரி.

"அழுவாம வாசி" என்றாள். "எங்க விட்ட?"